மூன்று நாள் விட்ட பாடு

ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுவதற்காக வன்னிக்குப் போனேன். போன இடத்தில் ஒரு பெண்ணின் பிழைப்பைப் பிடுங்கி இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். கையால் பிடுங்கவில்லை, வாயால். அதுவும் ஒரே ஒரு சொல்லால்.

அந்தச் சொல் பாடு. எங்களைப் போலக் கோயிலுக்குள்ளேயே வளர்ந்தவர்களுக்குப் பாடு என்றால் ஆண்டவர் சிலுவையில் பட்ட பாடு. தவக்காலம் வந்தால் நாற்பது நாளும் அதே பேச்சுதான். முல்லைத்தீவுக் கரையில் அதே சொல்லுக்கு இன்னொரு பொருள் இருக்கிறது. கரையில் நின்றே இழுக்கிற கரைவலையை வளைப்பதற்கென்று ஒருவருக்கு ஒதுக்கிக் கொடுத்த கடற்கரைத் துண்டையும் அங்கே பாடு என்றுதான் சொல்கிறார்கள். இது இன்னாருடைய பாடு என்றால் அந்த இடத்தில் வேறு எவரும் வலை இறக்க முடியாது. எனக்கு இது தெரியாது. நான் திருச்சிக்காரன். காவிரிக்கு மேல் தண்ணீர் பார்த்துப் பழகாதவன்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முப்பத்தோரு வருஷம் பள்ளி விடுதி ஒன்றில் வார்டனாக இருந்தேன். மணியடிப்பதும் மணிக்கு எழாதவன் போர்வையை உருவுவதும் என் வேலை. அந்த அனுபவத்தில் ஒரு சின்னப் புத்தகம் எழுதினேன். கிறிஸ்தவன் நாலரை மணிக்கு எழ வேண்டும், அரை மணி நேரம் வாய் திறக்காமல் இருக்க வேண்டும். மாலையில் ஒரு நோட்டைத் திறந்து இடது பக்கத்தில் ‘இன்று எதை விட்டேன்’ என்றும், வலது பக்கத்தில் ‘யாருக்காக விட்டேன்’ என்றும் எழுத வேண்டும். வலது பக்கத்தில் ‘ஆண்டவருக்கு’ என்று எழுத முடியாவிட்டால் இடது பக்கத்தில் எழுதியதெல்லாம் வீண் என்று தடித்த எழுத்தில் அச்சடிக்க வைத்திருந்தேன். என் மனைவி இறந்த பிறகு நாலு வருஷமாக என் நோட்டில் ஒரு வரி கிடையாது. அதை யாரிடமும் சொன்னதில்லை. புத்தகம் மட்டும் விற்றுக்கொண்டிருந்தது. கொக்கிளாய்க்கு வடக்கே ஒரு கடற்கரை ஊரின் பங்குத் தந்தை அதைப் படித்துவிட்டு, மூன்று நாள் தவக்காலத் தியானம் நடத்த என்னைக் கூப்பிட்டார். ஊரின் பெயரைச் சொல்ல மாட்டேன். அவர்கள் பட்டது போதும்.

சனிக்கிழமை காலை வவுனியா பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு கடையில் உட்கார்ந்தேன். இடியப்பம் வந்தது. எங்கள் பக்கம் இடியாப்பம் என்றால் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும். இங்கே செக்கச் சிவந்த சம்பல். ஒரு பெரியவர் மஞ்சள் நிறத்தில் ஏதோ குழம்பை வாளியில் தூக்கிக்கொண்டு வந்து, “சொதி விடட்டோ?” என்றார்.

“விட்டுடுங்க” என்றேன், வேண்டாம் என்ற பொருளில். அவர் இடியப்பம் மூழ்கும் அளவுக்கு ஊற்றிவிட்டுப் போனார். ஊற்றுவதைத்தான் அவர்கள் விடுவது என்கிறார்கள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் சொதி அருமையாக இருந்ததால் கோபத்தைச் சாப்பிட்டு முடிக்கும்வரை தள்ளிப்போட்டேன். தமிழ்தானே, இதில் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது என்ற நினைப்போடு வந்தவனுக்கு முதல் சாப்பாட்டிலேயே ஓர் எச்சரிக்கை கிடைத்தது. அறிவிருந்தால் அன்றே காதைத் தீட்டியிருப்பேன்.

முல்லைத்தீவு பஸ்ஸில் நெடுங்கேணி தாண்டியதும் டயர் வெடித்தது. இரண்டு பக்கமும் காடு, நடுவில் கொதிக்கிற ரோடு. மாற்று டயரும் காற்றில்லாமல் கிடந்தது. எங்கள் ஊரில் என்றால் இந்நேரம் பயணிகள் பாதிப் பேர் கண்டக்டர் சட்டையைப் பிடித்திருப்பார்கள். இங்கே எல்லோரும் இறங்கி நிழல் பார்த்து உட்கார்ந்துவிட்டார்கள். நான் மட்டும் ரோட்டில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டிரைவரும் கண்டக்டரும் என்னைக் காட்டிச் சிங்களத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள்.

மடியில் கச்சான் மூட்டையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண் எனக்கு மொழிபெயர்த்தார். “அந்த ஐயா வாட்ச்சைப் பாத்துக்கிட்டே இருக்காரே, டயரு வெக்கப்பட்டு எந்திரிச்சிடும்னு நெனக்கிறாரானு பேசிக்கிறாங்க.”

கச்சான் என்றால் நிலக்கடலை. அந்த அம்மாவின் பெற்றோர் மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறியவர்களாம். பேச்சு எங்கள் ஊர்ப் பேச்சுக்குப் பக்கத்தில் இருந்தது. எனக்குத் தொழில் புத்தி போகுமா? காலையில் எத்தனை மணிக்கு எழுவீர்கள் என்று கேட்டேன்.

“மூணரைக்குங்க.”

“அப்படியா! சாமி கும்பிடவா?”

“இல்லைங்க. யானை வந்துட்டுப் போச்சா, கச்சான் மிச்சமிருக்கானு பாக்க.”

நன்றாகச் சிரித்தேன். பிறகு டயரி எடுத்துக் குறித்துக்கொண்டேன். திங்கட்கிழமைப் பிரசங்கத்தில் மூன்றரை மணிக்கு எழும் ஓர் ஏழைப் பெண்ணைப் பற்றி உருக்கமாகப் பேசினேன். யானையைச் சொல்லவில்லை. எழுந்து ஜெபிக்கிறார் என்று சொன்னேன். நான் பிரசங்கம் செய்கிற லட்சணம் இதுதான்.

ஊர் போய்ச் சேர மத்தியானம் மூன்றாகிவிட்டது. பங்குத் தந்தைக்கு நாற்பது வயதிருக்கும். எல்லோருக்கும் அவர் பாதர், நான் பிரதர். வந்ததும் தியான நேரத்தைப் பற்றி எங்களுக்குள் சண்டை.

“பின்னேரம் வைப்பம் பிரதர். சீசன் இப்பத்தான் திறந்தது. காலமை வைச்சால் சனம் வராது” என்றார் அவர்.

“வசதிப்பட்டபோது வருவதற்குப் பெயர் ஒழுக்கம் இல்லை, ஃபாதர். காலை அஞ்சு மணி முதல் பதினோரு மணி வரை. வரட்டும் பார்ப்போம்” என்றேன். விருந்தாளி என்பதால் அவர் விட்டுக்கொடுத்தார்.

ஞாயிறு மதியம் நண்டுக் கறி. பாதர் தங்கும் அறை வீட்டுக் குசினியில் சமைக்கிற அம்மா, முருங்கை இலை போட்டு நண்டு வைத்திருந்தார். நான் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன். திருச்சியில் தவக்கால வெள்ளி என்றால் முட்டைக்கோஸும் பருப்பும்தான். இங்கே இறைச்சியை விட்ட நாளிலும் றால் உண்டு, கணவாய் உண்டு, நண்டு உண்டு. இப்படி ஒரு ஒருசந்தி நோன்பு இருந்தால் நான் வருஷம் முழுக்க இருப்பேன் என்று சொல்லிவிட்டு, திங்கட்கிழமை முதல் எனக்குப் பாண் ரொட்டியும் பாலில்லாத பிளேன்ரீயும் போதும் என்று அறிவித்தேன். சாப்பாட்டு மேசையைச் சுற்றி நாலு பேர் இருக்கும்போதுதான் அறிவித்தேன்.

அன்று மாலை கோயிலில் தொடக்கப் பிரசங்கம். அதற்கு முன் பாடகர் குழு ஒரு பாட்டை எடுத்தது. எடுத்தது எடுத்ததுதான், இறக்கவே இல்லை. ஒன்பது சரணம். முன்னால் நின்று பாடியவர் ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண், வெள்ளைச் சேலை, வெயிலில் கறுத்த கை, ஓங்கிய குரல். கொறற்றி என்று பெயர், கணவர் இல்லை என்று பாதர் காதில் சொன்னார். “அவா தொடங்கினா லேசில நிப்பாட்ட மாட்டா” என்றும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஐந்து மணிக்கு என்று போட்ட பிரசங்கம் ஐந்து இருபதுக்குத் தொடங்கியது.

கடற்கரை மக்களுக்கென்று ஒரு வாக்கியத்தைப் பஸ்ஸிலேயே செதுக்கி வைத்திருந்தேன். “இந்த மூன்று நாளும் உங்கள் பாடுகளையெல்லாம் கரையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். ஆண்டவருடைய பாடுகளின் பக்கத்தில் வந்து உட்காருங்கள்.”

உங்கள் துன்பங்களை இறக்கி வைத்துவிட்டு வாருங்கள் என்பதுதான் நான் நினைத்தது. கோயிலுக்குள் ஒரு சலசலப்பு ஓடியது. பின்வரிசையில் இரண்டு ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். வாக்கியம் நன்றாக விழுந்துவிட்டது என்று எனக்கு ஒரே பெருமை. அதனால் இன்னொரு தடவை சொன்னேன்.

முடிந்து வெளியே வந்தபோது கொறற்றி வாசலில் நின்றார். கையில் என் புத்தகம். அட்டை போயிருந்தது, தைத்து வைத்திருந்தார்.

“பிரதர், ஒண்டு கேக்கவேணும். மூண்டு நாளும் பாட்டை விடத்தான் வேணுமோ?”

தமிழில் பாடு என்பதோடு ஐ சேர்த்தாலும் பாட்டை, பாட்டு என்பதோடு ஐ சேர்த்தாலும் பாட்டை. ஒன்பது சரணம் கேட்ட எரிச்சலில் இருந்தவனுக்கு எது காதில் விழும்? இந்த அம்மாவுக்கு நம் எரிச்சல் புரிந்துவிட்டது, மூன்று நாளும் பாடாமல் இருக்கவா என்று கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

“ஆமாம்மா, விடத்தான் வேணும்” என்றேன்.

“இப்பத்தான் பிரதர் தொடங்கினது. மூண்டு நாள் விட்டால் பிறகு எடுக்கேலாது.”

புனித வாரத்துக்குப் பாடிப் பழகுகிறார்கள், நடுவில் விட்டால் ராகம் பிடிபடாது என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். ஐயோ, எவ்வளவு கச்சிதமாகப் பொருந்திப் போகிறது பாருங்கள்!

“எதை விட முடியலையோ அதைத்தான் விடணும். அதுதான் ஒறுத்தல். மத்ததெல்லாம் சும்மா கணக்குக் காட்டுறது. உங்க பாட்டு எங்கேயும் ஓடிப்போயிடாது.”

அவர் புத்தகத்தின் தையலை விரலால் நெருடிக்கொண்டு யோசித்தார். பிறகு தலைநிமிர்ந்து, “சரி பிரதர். ஆண்டவருக்கெண்டு விடுறன்” என்றார். அந்த முகத்தைப் பார்த்து எனக்கு மனசு நிறைந்தது. ஒரு பாட்டை விடுவதற்கு இவ்வளவு யோசிக்கிறவர் எவ்வளவு கருத்தானவர் என்று பாதரிடம் சொன்னேன். அவரும் தலையாட்டினார். எந்தப் பாட்டைச் சொல்கிறேன் என்று அவரும் கேட்கவில்லை.

எனக்குத் தெரியாமல் இருந்தது இதுதான். சீசன் திறந்த பிறகு தொடர்ந்து மூன்று நாள் வலை வளைக்காமல் விட்டால் பாடு கைமாறிவிடும். காத்திருப்பவர்களில் முதல் ஆளுக்குப் போய்விடும். அது அந்தக் கரையின் கடற்றொழிலாளர் சங்கத்தில் எல்லோரும் சேர்ந்து எழுதிக்கொண்ட விதி. கொறற்றிக்குச் சொந்தமாக ஒரு பாடும் ஒரு கரைவலையும் இருந்தன. அந்தக் கரையில் பாடு வைத்திருந்த ஒரே பெண் அவர்தான்.

திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்கு இருபத்திரண்டு பேர் வந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், முதியவர்கள். கொறற்றி முதல் வரிசையில், கையில் கொப்பியோடு. நோட்டை அங்கே கொப்பி என்கிறார்கள். நான் எழுவதைப் பற்றிப் பேசினேன். மணி அடித்ததும் எழாதவன் மரண நேரத்திலும் தயாராக இருக்க மாட்டான் என்றேன். ஒரு தரம் விதியைத் தளர்த்தினால் பிறகு விதியே இல்லை என்றேன். யானையில்லாத கச்சான்காரியைச் சொன்னேன். நாலைந்து பேர் கண் துடைத்தார்கள். தொடக்கத்திலும் முடிவிலும் பாட்டு இருந்தது. வேறொரு பெண் மெலிந்த குரலில் எடுத்தார், கொறற்றியும் வரிசையில் நின்று கூடவே பாடினார். மூன்று நாளைக்குப் பாட்டை விடுகிறேன் என்றவர் ஏன் பாடுகிறார் என்று எனக்குத் தோன்றியது. முன்னால் நின்று பாடுவதைத்தான் விட்டிருக்கிறார் போலிருக்கிறது என்று நானே பதில் சொல்லிக்கொண்டேன். கேட்க ஒரு நிமிஷம் ஆகியிருக்கும்.

செவ்வாய்க்கிழமை நோட்டு எழுதுவதைப் பற்றி. கொறற்றி தன் கொப்பியை எனக்குக் காட்டினார். பதினோரு வருஷமாக எழுதி வருகிறாராம், இது ஒன்பதாவது கொப்பி. எனக்கு உள்ளுக்குள் ஒரு குத்து. என் முறையை இந்த உலகத்தில் யாராவது நிஜமாகக் கடைப்பிடிப்பார்கள் என்று நான் எதிர்பார்த்ததே இல்லை. சீனியை விட்டது, கோபத்தில் சொல்ல வந்த சொல்லை விட்டது, நாரிப் பிடிப்போடு, அதாவது இடுப்புப் பிடிப்போடு, படுக்கையை விட்டது என்று சின்னச் சின்ன எழுத்தில் இருந்தன. கடைசிப் பக்கம் வரை புரட்டியிருந்தால் முந்தின நாள் எழுதியது கண்ணில் பட்டிருக்கும். நான் நடுவிலேயே மூடி, “ரொம்ப நல்லது” என்று ஆசிரியர் மாதிரித் திருப்பிக் கொடுத்தேன்.

புதன்கிழமை ஒன்பது மணி இருக்கும். நான் சீடர்கள் தூங்கிக்கொண்டிருக்க ஆண்டவர் தோட்டத்தில் தனியாக இரத்த வியர்வை வியர்த்ததைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். கோயில் பக்கவாசலில் ஒரு ஆள் வந்து நின்றார். சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார். பீற்றர் என்பவர், கொறற்றியின் வலை ஆட்களுக்குத் தலைவர் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது.

“அக்கா” என்று அடங்கிய குரலில் கூப்பிட்டார். கொறற்றி திரும்பவில்லை. “அக்கா, நீங்கள் இருங்கோ. நாங்கள் மட்டும் போய் ஒருக்கா வளைச்சுப்போட்டு வாறம். ஒருக்கா வளைச்சாலே காணும், போதும்.”

கொறற்றி தலையை மட்டும் இல்லை என்று ஆட்டினார்.

“அக்கா, இண்டையோட மூண்டு நாள். பாடு!” அந்த ஆளின் குரல் உயர்ந்தது.

தியானத்தில் குறுக்கே பேசினால் எனக்குப் பொறுக்காது. “தம்பி, ஆண்டவருடைய பாட்டைப் பத்தித்தான் இங்கே பேசிட்டிருக்கோம். உள்ளே வந்து உட்காருங்க. இல்லேன்னா வெளியே போங்க” என்றேன். அந்த மனிதர் என்னைப் பார்த்தார். ஏதோ கெட்ட வார்த்தை வாய்வரை வந்து நின்றது தெரிந்தது. நானே போய்ப் பக்கவாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். என் கையால் போட்டேன். அந்தத் தாழ்ப்பாளின் துரு இரண்டு நாள் விரலில் இருந்தது.

தியானம் பதினோரு மணிக்குச் சரியாக முடிந்தது. ஒரு நிமிஷம் கூடவோ குறையவோ இல்லை.

வியாழக்கிழமை சும்மா இருந்த நாள். கடலைக் காட்டுகிறேன் என்று பாதர் காலையில் என்னைக் கரைக்குக் கூட்டிப்போனார். அவ்வளவு பெரிய நீலத்தை நான் அதுவரை பக்கத்தில் பார்த்ததில்லை. கரையில் ஓர் உழவு மெசின், அதாவது டிராக்டர், நின்றது. அது பின்னோக்கி நகர நகரக் கடலுக்குள்ளிருந்து தடித்த கயிறு வந்துகொண்டே இருந்தது. கொஞ்ச தூரத்தில் பதினெட்டு இருபது ஆண்கள் வேலையில்லாமல் மணலில் குந்தியிருந்தார்கள். அவர்களில் பீற்றரும் இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்து போய்விட்டார்.

பாதர் சட்டென்று நின்றார். “இது கொறற்றி அக்கான்ர பாடெல்லோ. இதில ஆர் வலை வளைக்கிறது?”

“என்ன பாடு?” என்று கேட்டேன்.

அவர் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது, எனக்கும் வந்தது. பேசிக்கொண்டிருந்தவர் நடுவில் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். உட்கார இடம் தேடினேன். மணல்தான் இருந்தது, அதிலேயே உட்கார்ந்தேன்.

மிச்சத்தையும் அவர்தான் சொன்னார். கணவர் பெயரில் இருந்த பாடு அது. போர் முடிந்து முகாமிலிருந்து திரும்பி வந்தபோது கணவர் இல்லை, வலை இல்லை, ஒரு படகும் இல்லை. பொம்பிளைக்குப் பாடோ என்று சங்கத்தில் சிரித்திருக்கிறார்கள். கூட்டத்துக்குக் கூட்டம் போய் நின்று, இரண்டு வருஷம் நின்று, பாட்டைத் தன் பெயருக்கு வாங்கியிருக்கிறார். அதற்குப் பிறகு ஒரு சீசனிலும் ஒரு நாளும் பிந்தியது கிடையாது. காய்ச்சலோடு போர்வையைப் போர்த்துக்கொண்டு கரையில் உட்கார்ந்து வலை இறக்குவித்திருக்கிறார். நான் தாளில் எழுதியதை இந்த அம்மா உடம்பால் செய்துகொண்டிருந்தார். அதை என்னிடமிருந்தே கற்றுக்கொள்ள வேண்டும் என்று முதல் வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார்.

வலை கரைக்கு வந்தது. பெண்கள் ஓடிப்போய் மீன் பிரித்தார்கள். அவர்களுக்குள் குனிந்து, சூடையை ஒரு பெட்டியிலும் பாரையை ஒரு பெட்டியிலும் போட்டுக்கொண்டிருந்தார் கொறற்றி. தன் பாட்டிலேயே, கூலிக்கு.

சங்கச் செயலாளர் வீட்டுக்குப் போனோம். கதிரை போட்டு உட்கார வைத்து, பிளேன்ரீ தந்து மரியாதையாகத்தான் பேசினார். நான் நடந்ததைச் சொன்னேன். சொற்பிழை, என் பிழை, அந்த அம்மா மீது ஒரு குற்றமும் இல்லை என்றேன். எழுதித் தருகிறேன், வேண்டுமானால் கூட்டத்தில் வந்து எல்லோர் காலிலும் விழுகிறேன் என்றேன்.

“எனக்கும் கவலைதான் பிரதர்” என்றார் அவர். “ஆனா சாவுக்கும் கடல் அடிப்புக்கும்தான் விலக்கு. பிழையா விளங்கினதுக்கு விலக்கில்லை. இப்ப எடுத்த ஆளும் ஆறு வரிசமாக் காத்திருந்தவர், அவரும் பிள்ளை குட்டிக்காரர். நாங்கள் போய்க் கேட்டனாங்கள், ஏன் அக்கா விடுறீங்கள் எண்டு. ஆண்டவருக்கு விட்டுட்டன் எண்டு சொல்லிப்போட்டா. பிறகு நாங்கள் என்ன கதைக்கிறது?”

“இந்த ஒரு தடவை மட்டும்” என்று கெஞ்சினேன். முப்பத்தோரு வருஷத்தில் எத்தனை பிள்ளைகள் என்னிடம் இதே வார்த்தையைச் சொல்லி அழுதிருப்பார்கள்! ஒருவனுக்கும் நான் இறங்கியதில்லை.

“ஒருதரம் விதியைத் தளர்த்தினால் பிறகு விதியே இல்லை எண்டு திங்கக்கிழமை நீங்கள்தானே சொன்னனீங்கள். நான் பின்னுக்கு இருந்து கேட்டனான். வடிவாச் சொன்னனீங்கள்” என்றார். குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே பாராட்டினார். அதுதான் தாங்க முடியவில்லை.

திரும்பும் வழியில் பாதர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “பிரதர், ஒரு உதவி. அக்காட்டப் போய் ஒண்டும் சொல்லாதேங்கோ. பாடு போயிட்டுது, அது இனி வராது. ஆண்டவருக்கெண்டு விட்டனான் எண்டு அவா ஒரு நிம்மதியில இருக்கிறா. அதையாவது விட்டு வையுங்கோ.”

நல்ல மனிதர், சரியாகத்தான் சொன்னார். ஆனால் இரவு முழுக்க அறைக்குள் மேலும் கீழும் நடந்தேன். உண்மையை மறைப்பது ஒழுக்கமா, பாவத்தை அறிக்கை செய்யாமல் விமானம் ஏறலாமா என்று என்னென்னவோ பெரிய வார்த்தைகளை அடுக்கினேன். இப்போது யோசித்தால், மன்னித்தேன் என்று அவர் வாயால் சொல்லக் கேட்டுவிட்டுப் போக வேண்டும் என்பதைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. பாரத்தை அங்கே இறக்கிவிட்டு நான் லேசாக ஊர் போக நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை, பஸ்ஸுக்கு முன்பே கொறற்றியின் வீட்டுக்குப் போனேன். அரசாங்கம் கட்டிக் கொடுத்த இரண்டறை வீடு. முற்றத்தில் கரைவலை மலை மாதிரிக் குவிந்து காய்ந்து கிடந்தது.

“வாங்கோ பிரதர், இருங்கோ. வழியில சாப்பிடப் புட்டு அவிச்சு வைச்சிருக்கிறன். நானே கொண்டுவந்து தருவம் எண்டிருந்தனான்” என்றார். முகத்தில் ஒரு வாட்டமும் இல்லை. “பாடு போனது உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். கவலைப்படாதேங்கோ. முதல் நாள் நெஞ்சு இடிச்சதுதான். பிறகு ஒரு அமைதி. என்ர வாழ்க்கையில இவ்வளவு பெரிய ஒண்டை நான் அவருக்குக் குடுத்ததில்லை.”

அந்த இடத்திலாவது நான் வாயை மூடியிருக்க வேண்டும். எழுந்து, புட்டை வாங்கிக்கொண்டு, பஸ் ஏறியிருக்க வேண்டும். அரை மணி நேரம் வாய் திறக்காமல் இருப்பது எப்படி என்று புத்தகம் எழுதியவன் நான்.

சொன்னேன். பாடு என்றால் எனக்குத் துன்பம்தான் தெரியும் என்றேன். வாசலில் நீங்கள் கேட்டது பாடுகிற பாட்டு என்று நினைத்தேன் என்றேன். வலையை நிறுத்தச் சொல்லி நான் கனவிலும் நினைக்கவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று கைகூப்பினேன்.

அவர் ஒரு தடவை சிரிக்கப் பார்த்தார். “பாடுற பாட்டோ?” என்றார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. வெளியே கிடந்த வலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மெதுவாக எழுந்துபோய் அலுமாரியைத் திறந்து கொப்பியை எடுத்து வந்தார். நான் செவ்வாய்க்கிழமை பார்க்காமல் மூடிய பக்கத்தைத் திறந்து என் மடியில் வைத்தார். இடது பக்கத்தில் மூன்று நாளுக்கும் மூன்று வரி. பாடு. பாடு. பாடு. வலது பக்கத்தில் அதற்கு நேரே மூன்று தடவை, ஆண்டவருக்கு.

“அப்ப ஆண்டவர் இதைக் கேக்கேல்லை” என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.

“அப்படி இல்லைம்மா. நீங்க விட்டது விட்டதுதான். மனசைப் பார்க்கிறவர் அவர்...” என்று தொடங்கினேன். முப்பது வருஷமாகப் பேசிய வாய், தானாக ஓடியது.

“பொறுங்கோ பிரதர்.” பேனாவை எடுத்தார். வலது பக்கத்தில் இருந்த மூன்று ‘ஆண்டவருக்கு’வையும் ஒவ்வொன்றாக, நேர்கோடாக, அவசரமில்லாமல் வெட்டினார். பதினோரு வருஷத்தில் அந்தக் கொப்பிகளில் அடித்த முதல் வெட்டு அதுவாகத்தான் இருக்கும். பிறகு பேனாவை என் கையில் தந்தார்.

“வலப்பக்கம் வெறுமையாக் கிடந்தால் இடப்பக்கம் வீண் எண்டு நீங்கள்தானே எழுதியிருக்கிறியள். நீங்களே சொல்லுங்கோ. இதில இனி ஆரின்ர பேரை எழுத?”

ரோட்டில் பஸ் ஹோர்ன் அடித்தது. அவர் குசினிக்குள் போய்ப் புட்டுப் பார்சலை எடுத்துவந்து என் பையில் வைத்தார். கொப்பி மடியில் இருந்தது, பேனா கையில் இருந்தது. எழுத வேண்டியது என் பெயர் என்று எனக்குத் தெரியும். ஆறு எழுத்துதான். எழுதாமல் கொப்பியை மூடிக் கதிரையில் வைத்துவிட்டு ஓடிப்போய் பஸ் ஏறினேன்.